பீர் கூஜாவும் ஒரு வெள்ளை வளையமும்

மூன்று வருடங்களுக்கு முன்பு நடந்தது இது. அப்போது திருமுல்லைவாயிலில், ரயில்வே லைனை ஒட்டிய ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் நான் தனியாக இருந்தேன். இப்போதும் அங்கேதான் இருக்கிறேன் என்பது வேறு விஷயம்.

என் மனைவி நர்ஸ். அயர்லாந்தில் ஓர் ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்துப் போனாள். மறு வருடம் மகளும் அம்மாவிடம் படிக்கப் போய்விட்டாள். "அடுத்தது நீங்கதான்" என்று ஏர்போர்ட்டில் சொல்லிவிட்டுத்தான் போனார்கள். என் விசா மட்டும் ஏதாவது ஒரு காகிதம் குறைகிறது என்று திரும்பித் திரும்பி வந்துகொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போனால் பார்க்கிறவர்கள் எல்லாம், "எப்போ பிரதர் கிளம்புறீங்க?" என்று கேட்பார்கள். அதற்குப் பயந்தே கடைசி ஜெபம் முடிவதற்குள் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவேன்.

எனக்கு வேலை அம்பத்தூர் எஸ்டேட்டில், ரப்பர் பாகங்கள் செய்கிற ஒரு கம்பெனியில். வளையம், வாஷர், கேஸ்கட் என்று எண்ணெயோ காற்றோ கசியாமல் தடுக்கிற சாமான்கள் எல்லாம் அங்கே செய்கிறார்கள். நான் செய்கிறவன் இல்லை, செய்ததைப் பார்த்துக் குறை சொல்கிறவன். தரக் கட்டுப்பாடு. இருபது வருடமாகக் குறை கண்டுபிடிப்பதற்குத்தான் சம்பளம் வாங்குகிறேன். அந்தக் குணம் வீட்டுக்கும் என்னோடு ரயிலேறி வந்துவிடும் என்று என் மனைவி கிண்டல் செய்வாள்.

இப்போது பீர் விஷயத்துக்கு வருகிறேன். சர்ச்சுக்குப் போகிறவன் பீரைப் பற்றிப் பேசுகிறானே என்று முகம் சுளிக்க வேண்டாம். அவள் இங்கே இருந்த காலத்தில், சனிக்கிழமை சாயங்காலம் எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் இருந்தது. மகள் டியூஷனுக்குப் போனதும் திரைச்சீலையை இழுத்துவிட்டு, கதவைத் தாழ்ப்பாள் போட்டுவிட்டு, ஒரு பாட்டில் பீரை இரண்டு எவர்சில்வர் டம்ளர்களில் பங்கு போட்டுக்கொள்வோம். எவர்சில்வர் டம்ளர் எதற்கு என்றால், திடீரென்று சர்ச் ஆட்கள் யாராவது வந்து நின்றால் மோர் என்று சொல்லிச் சமாளிக்கத்தான். சாதாரண பீர் இல்லை. மாலில் இருக்கிற பெரிய கடையில் மட்டும் கிடைக்கும், கோதுமையில் காய்ச்சியது, ஆரஞ்சுத் தோல் வாசனை அடிக்கும். அவளுக்குப் பாதி, எனக்குப் பாதி. ஆஸ்பத்திரிக் கதையை அவள் சொல்வாள், கம்பெனிக் கதையை நான் சொல்வேன். கதை முடியும்போது பாட்டிலும் சரியாக முடிந்திருக்கும்.

அவள் போன பிறகும் நான் அந்த வழக்கத்தை விடவில்லை. ஆனால் பாதிக்கு மேல் குடித்தால் எனக்கு வயிறு உப்பிக்கொள்ளும். மீதியை மூடி ஃபிரிட்ஜில் வைத்தால் மறுநாள் காற்றெல்லாம் போய் வெறும் கசப்புத் தண்ணீராக இருக்கும். வாராவாரம் அந்தப் பாதியை சிங்க்கில் கொட்டுவேன். கொட்டும்போதெல்லாம் அவள் இல்லாததை யாரோ அளந்து காட்டுகிற மாதிரி இருக்கும். ஒரு பாட்டில் பீருக்கு இவ்வளவு துக்கமா என்று நீங்கள் சிரிக்கலாம். எனக்கு இருந்தது, சொல்கிறேன்.

அந்தச் சமயத்தில்தான் செல்போனில் அந்த விளம்பரத்தைப் பார்த்தேன். பளபளவென்று ஒரு ஸ்டீல் பாத்திரம். பார்ப்பதற்கு அந்தக் காலத்துக் கூஜா மாதிரியே இருக்கும், ஆனால் கீழே ஒரு குழாய், மேலே மூடியில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு காஸ் குப்பி. மீந்துபோன பீரை அதில் ஊற்றி மூடி, குப்பியைத் திருகினால் உள்ளே காஸ் அழுத்தம் ஏறிக்கொள்ளும். மூன்று வாரம் ஆனாலும் பீர் சுர்ரென்று அப்படியே இருக்கும், குழாயைத் திறந்தால் நுரையோடு வரும் என்று போட்டிருந்தார்கள். பின்னால் பனிமலை, மரவீடு என்று படம். இந்தியாவில்தான் செய்கிறோம் என்று பொடி எழுத்தில் ஒரு வரி.

பொருள் இன்னும் கடைக்கு வரவில்லை. கிரவுட் ஃபண்டிங் என்கிறார்கள். வேண்டும் என்கிறவர்கள் எல்லாம் முதலிலேயே காசு போட வேண்டும். அந்தக் காசில் பொருளைச் செய்து வீட்டுக்கு அனுப்புவார்கள். நான் யோசிக்கவே இல்லை. எனக்காகவே யாரோ உட்கார்ந்து யோசித்துச் செய்த பொருள் மாதிரி இருந்தது. காசைப் போட்டுவிட்டுக் காத்திருந்தேன்.

நான்கு மாதத்தில் வரும் என்றார்கள். வரவில்லை. மூடியில் காஸ் நிற்கவில்லை, சரி செய்துகொண்டிருக்கிறோம் என்று தகவல் போட்டார்கள். அடுத்த மாதமும் அதே தகவல். அந்த இணையப் பக்கத்தின் கீழே, காசு போட்டவர்கள் பேசிக்கொள்ள ஓர் இடம் உண்டு. நான் முதலில் அங்கே மரியாதையாகத்தான் எழுதினேன். "எப்போது அனுப்புவீர்கள் என்று தெரிந்துகொள்ளலாமா?" என்று. ஒருவர்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

ஒரு நாள் கம்பெனியில் எரிச்சல், வீட்டுக்கு வந்தால் காஸ் அடுப்பு எரியவில்லை. அந்தக் கோபத்தில், "இது சுத்தத் திருட்டு வேலை" என்று எழுதிவிட்டேன். அவ்வளவுதான். புனேவிலிருந்து ஒருவர் சரியாகச் சொன்னீர்கள் என்றார். கொச்சியிலிருந்து ஒருவர், கௌஹாத்தியிலிருந்து ஒருவர். கைதட்டல் படம், சிரிப்புப் படம். அன்றைக்கு நான் சாப்பிட மறந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதிலிருந்து எனக்கு அது தினசரி வேலை ஆயிற்று. சாயங்காலம் ரயில் இறங்கி, இரண்டு தோசையை வார்த்துப் போட்டுக்கொண்டு, போனைக் கையில் எடுத்துவிடுவேன். மரியாதையாக எழுதினால் யாரும் வருவதில்லை. திட்டினால் வருகிறார்கள். நன்றாகத் திட்டினால் நிறையப் பேர் வருகிறார்கள். எனக்குப் பொருள் வராததுகூட மறந்துவிட்டது. உண்மையைச் சொன்னால், பொருள் வந்துவிட்டால் இந்தக் கூட்டம் கலைந்துவிடுமே என்று உள்ளுக்குள் ஒரு பயம்கூட இருந்தது. இதை யாரிடமும் அப்போது ஒப்புக்கொண்டிருக்க மாட்டேன்.

இதில் இன்னொரு விஷயம் இருக்கிறது. அதுதான் முக்கியம். மூடியைச் சோதித்துப் பார்ப்பதை ஒருமுறை வீடியோவாகப் போட்டிருந்தார்கள். யாருடைய முகமும் தெரியவில்லை, ஒரு கை மட்டும் தெரிந்தது. அந்தக் கை மூடியைத் திருப்பிக் காட்டியபோது உள்ளே ஒரு வெள்ளை வளையம் தெரிந்தது. பார்த்த மாத்திரத்தில் எனக்குக் கோளாறு புரிந்துவிட்டது. அது சிலிகான். சாப்பாட்டுச் சாமானுக்கு நல்லது என்று எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு போடுவது. ஆனால் அந்த ரப்பருக்கு ஒரு குணம் உண்டு. இடுக்கு வழியாகக் கசியாது, தண்ணீரில் முக்கினால் ஒரு குமிழிகூட வராது. ஆனால் அந்தக் காஸ் ரப்பருக்குள்ளேயே புகுந்து மெள்ள மெள்ள வெளியே போய்விடும். வேறு ரப்பர் போட்டால் தீர்ந்தது. எங்கள் கம்பெனியில் புதிதாகச் சேர்ந்தவருக்குக்கூட இது பத்து நாளில் தெரிந்துவிடும்.

நான் அதை எழுதவில்லை. "ரப்பரைப் பார்த்தாலே லட்சணம் தெரிகிறது. இவர்களெல்லாம் பாத்திரம் செய்ய வந்துவிட்டார்கள்" என்று மட்டும் எழுதினேன். பலத்த வரவேற்பு.

இரண்டு நாள் கழித்து எனக்குத் தனியாக ஒரு செய்தி வந்தது. அந்தக் கூஜா செய்கிறவர்களிடமிருந்துதான். தமிழிலேயே எழுதியிருந்தார்கள். "சார், நீங்கள் எழுதுவதைப் பார்த்தால் உங்களுக்கு இந்த வேலை தெரியும் போலிருக்கிறது. எங்களால் முடிந்ததை எல்லாம் செய்து பார்த்துவிட்டோம். எந்த ரப்பர் போட வேண்டும் என்று சொல்ல முடியுமா?"

அந்த இடத்தில் ஒரு மனுஷன் என்ன செய்திருக்க வேண்டும்? ஒரே ஒரு வரி. நான் என்ன செய்தேன் தெரியுமா? அந்தச் செய்தியை அப்படியே படம் பிடித்து, இங்கிலீஷிலும் மொழிபெயர்த்து, எல்லோரும் பார்க்கிற இடத்தில் போட்டேன். "பொருளை எப்படிச் செய்வது என்று காசு கொடுத்தவனிடமே கேட்கிறார்கள், பாருங்கள்" என்று.

அதுவரை எனக்குக் கிடைக்காத அளவுக்குக் கைதட்டல் கிடைத்தது. அன்றைக்கே பல பேர் காசைத் திருப்பிக் கேட்டு எழுதினார்கள். நான் ஒவ்வொருவருக்கும் பதில் போட்டுக்கொண்டிருந்தேன். மனைவி போன் செய்தபோது, "பேச நேரமில்லம்மா, நாளைக்குக் கூப்பிடு" என்று வைத்துவிட்டேன்.

அதற்குப் பிறகு அந்தப் பக்கத்தில் தகவல் வருவதே நின்றுபோனது. ஐந்து மாதம் போனது. திடீரென்று ஒரு நாள் ஒரு தகவல் வந்தது. தொழிலை நிறுத்துகிறோம், முடிந்தவர்களுக்குக் காசைத் திருப்பித் தந்துவிட்டோம், மற்றவர்களுக்கு இருக்கிற பாத்திரத்தையாவது தருகிறோம், சென்னையில் இருப்பவர்கள் நேரிலேயே வந்து வாங்கிக்கொள்ளலாம் என்று. கீழே விலாசம். நான் இரண்டு தரம் படித்தேன். பனிமலையும் மரவீடும் போட்டிருந்த அந்தக் கம்பெனி இருந்தது பூந்தமல்லியில். என் வீட்டிலிருந்து வண்டியில் முக்கால் மணி நேரம்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் நேராகக் கிளம்பிவிட்டேன். ஆவடி தாண்டி, பருத்திப்பட்டு தாண்டிப் போகும்போது, என்னவெல்லாம் கேட்க வேண்டும் என்று வண்டியிலேயே ஒத்திகை பார்த்துக்கொண்டேன். கண்ணாடி போட்ட ஆபீஸ், ஏசி, டை கட்டிய ஆசாமி என்று மனசில் ஒரு படம் வேறு. பூந்தமல்லியில் மெட்ரோ வேலைக்காகப் போட்டிருந்த தடுப்புகளைச் சுற்றிச் சுற்றி, ஒரு லேத் பட்டறைக்குப் பின்னால் சந்துக்குள் போய் நின்றால், தகரக் கொட்டகை. வாசலில் பால் கேன்களும் கான்டீன் டிரம்களும் கவிழ்த்து வைத்திருந்தார்கள். உள்ளே ஒரு பெண். என்னைவிட நான்கைந்து வயது சின்னவராக இருப்பார். புடவைக்கு மேல் ஆண்பிள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, தரையில் உட்கார்ந்து மூடிகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். அந்தக் கையைப் பார்த்ததும் எனக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. வீடியோவில் வந்த கை.

"கூஜாவுக்கா சார்? வாங்க, உள்ள வாங்க. நம்பர் இன்னா?" என்றார்.

நான் ஆர்டர் நம்பரைச் சொல்லாமல், ஓனரைப் பார்க்க வேண்டும் என்றேன், கொஞ்சம் விறைப்பாகவே.

"நான்தான் சார். வேற யாரும் இல்ல."

ஒத்திகை பார்த்ததில் பாதி அங்கேயே மறந்துபோயிற்று. அவர் ஒரு கூஜாவை எடுத்து, காஸ் குப்பியைத் திருகி, பக்கத்திலிருந்த தண்ணீர்த் தொட்டியில் முக்கிக் காட்டினார். ஒரு குமிழி இல்லை.

"பாத்தீங்களா சார்? ஒரு கொமிழி வர்ல. ஆனா நாலு நாள்ல காஸ் பூட்து. மூடிய அஞ்சு வாட்டி மாத்திப் பண்ணிட்டேன். எங்கதான் போவுதுன்னு தெர்ல. சொல்ட்டே குடுக்கறேன், மூணு நாள் நிக்கும், மூணு வாரம் நிக்காது. அப்பால ஏமாத்திட்டேன்னு சொல்லக்கூடாது."

தன் பொருளின் குறையைத் தானே சொல்லி விற்கிறவரை இருபது வருட வேலையில் நான் பார்த்ததில்லை. நம்பரைச் சொன்னேன். நோட்டைப் புரட்டி விரலை வைத்துப் பார்த்தார். அந்த நோட்டில் எங்கள் நிஜப் பெயர் இல்லை, இணையப் பக்கத்தில் நாங்கள் வைத்துக்கொண்ட பெயர்தான் இருந்தது. விரல் நின்றது. என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"நீங்கதானா சார் அது?"

திட்டுவார், வெளியே போ என்பார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். அவர் நோட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டு சாதாரணமாகச் சொன்னார்.

"உங்களுதத்தான் சார் நான் மொதல்ல படிப்பேன். மத்தவங்க சும்மா திட்டுவாங்க. நீங்க வேல தெர்ஞ்சி திட்றீங்கன்னு எனக்குத் தெர்ஞ்சிது. அதான் உங்களாண்ட கேட்டேன். என் தம்பிதான் கம்ப்யூட்டர் வேலயெல்லாம் பாத்துகினு இருந்தான். நீங்க அத்தப் படம் புட்ச்சிப் போட்டீங்க பாருங்க, அன்னிக்கி லேப்டாப்ப மூடனவன்தான். இப்போ ஒரகடத்துல வேலைக்குப் போறான். நான் மட்டும் அப்பப்ப பாப்பேன், எப்பயாச்சும் கோவத்துலயாவது சொல்லிடுவீங்கன்னு."

நான் கூஜா மூடியைக் கையில் வாங்கினேன். வேறென்ன செய்வது என்று தெரியவில்லை. நகத்தால் அந்த வெள்ளை வளையத்தை நெம்பி வெளியே எடுத்தேன். இது சிலிகான், கசிவது இடுக்கில் இல்லை, ரப்பருக்குள்ளேயே காஸ் புகுந்து போகிறது, அதனால்தான் குமிழி வரவில்லை, உணவுக்கென்றே தயாரிக்கிற கறுப்பு நைட்ரைல் ரப்பர் வளையம் இதே அளவில் கிடைக்கும், அதைப் போட்டால் போதும், மூடியை மாற்றவே வேண்டியதில்லை என்று சொன்னேன். சொல்லி முடிக்க இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

அவர் அந்த வெள்ளை வளையத்தை என் கையிலிருந்து வாங்கி, வெளிச்சத்தில் பிடித்து, இழுத்துப் பார்த்தார்.

"இவ்ளோதானா சார்?" என்றார்.

அந்தக் குரலில் கோபம் இல்லை. அதனால்தான் தாங்க முடியவில்லை. சுற்றிலும் அடுக்கி வைத்திருந்த மூடிகள், அறுத்துப் போட்ட மூடிகள், ஐந்து தரம் மாற்றிச் செய்த மூடிகள் எல்லாம் என்னையே பார்க்கிற மாதிரி இருந்தது. "மன்னிச்சுக்கோங்கம்மா" என்றேன். அவர் காலால் ஒரு ஸ்டூலை என் பக்கம் தள்ளி, "குந்துங்க சார், டீ சொல்றேன்" என்றார். அந்த டீயை எப்படிக் குடித்தேன் என்று எனக்குத் தெரியாது.

காசைத் திருப்பிக் கொடுத்ததில் கையில் ஒன்றும் மிஞ்சவில்லையாம், பட்டறையை மாதக் கடைசியில் காலி செய்வதாக ஏற்கெனவே சொல்லிவிட்டாராம். வெல்டிங் மெஷினை விலைக்கு எடுக்க ஆள் வந்து பார்த்துவிட்டுப் போய்விட்டார்களாம். என்னால் அதை நிறுத்த முடியவில்லை. செய்ய முடிந்ததைச் செய்தேன். மறுநாள் எங்கள் மேனேஜரிடம் போய், நடந்ததை ஒன்றையும் மறைக்காமல் சொன்னேன். மனுஷர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். ஆனால் அந்த அளவுக்கு அச்சு எங்களிடம் இருந்தது, வளையங்களைப் போட்டுக் கொடுக்கச் சொல்லிவிட்டார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை முதல் வளையத்தோடு பூந்தமல்லிக்குப் போனேன்.

எதை ஊற்றிச் சோதிப்பது என்று ஒரு பிரச்சினை வந்தது. அந்தப் பெண் பீரே குடித்ததில்லையாம். அக்கம்பக்கத்தில் யாராவது இது என்ன என்று கேட்டால் சோடா கூஜா என்றுதான் சொல்லி வைத்திருக்கிறார். "சோடா கூஜான்னா எவன் சார் காசு போடுவான்? பீர் கூஜான்னாதான் போடுவாங்கன்னு தம்பி சொன்னான்" என்று சொல்லிவிட்டு, அன்றைக்குத்தான் முதல்முறையாகச் சிரித்தார். எங்கள் வீட்டு மோர்க் கதையை நானும் சொன்னேன். முக்கிலிருந்த கடையில் பன்னீர் சோடா வாங்கி வந்து கூஜாவில் ஊற்றி, கறுப்பு வளையம் போட்டு மூடி, டீக்கடைக்காரரின் ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு வந்தேன்.

அந்த ஒரு வாரம் எனக்கு வேலையே ஓடவில்லை. நான் சொன்னதும் தப்பாகப் போய்விட்டால்? அடுத்த ஞாயிறு நான் போகிற வரைக்கும் அந்தப் பெண் கூஜாவைத் திறக்காமல் வைத்திருந்தார். குழாயைத் திறந்தார். சர்ரென்று நுரை பொங்கி டம்ளரைத் தாண்டி வழிந்தது. அவர் டம்ளரை எடுத்துக் காதோரம் வைத்துக் கேட்டார். ஒரு வாய் குடித்தார்.

"சுர்ருனு கீது சார்" என்றார்.

அப்புறம் திரும்பிக்கொண்டு, ஏற்கெனவே துடைத்து வைத்திருந்த மூடியை மறுபடி துடைக்க ஆரம்பித்தார். வெகுநேரம் துடைத்தார். நான் வாசலுக்கு வந்து நின்றுகொண்டேன்.

மிச்சம் இருந்த கூஜாக்களுக்கெல்லாம் அன்றைக்கும் அதற்கடுத்த ஞாயிறும் உட்கார்ந்து வளையம் மாற்றினோம். அதிகம் பேசிக்கொள்ளவில்லை. நான் வெள்ளையை எடுப்பேன், அவர் கறுப்பைப் போடுவார். காசைத் திருப்பி வாங்காமல் காத்திருந்தவர்களுக்கு எல்லாம் பார்சல் போயிற்று. என்னுடையதை அவரே பழந்துணியில் சுற்றிக் கொடுத்தார். மாதக் கடைசியில் கொட்டகையைக் காலி செய்துவிட்டார்.

நான் அந்தப் பக்கத்தில் எல்லாவற்றையும் எழுதினேன். எனக்குக் கோளாறு முதலிலேயே தெரியும், கேட்டபோது சொல்லவில்லை, கேலி செய்தேன், தவறு என்னுடையது என்று. கைதட்டல் இல்லை. ஒரே ஒருவர் பதில் போட்டார். "சரி, என்னுடையது எப்போது வரும்?" என்று. அதற்கப்புறம் எல்லோருக்கும் பொருள் போய்ச் சேர்ந்ததும் அந்த இடமே காலியாகிவிட்டது. புனேக்காரர் இல்லை, கொச்சிக்காரர் இல்லை. அவர்கள் யாரும் என் பெயரைக்கூடக் கேட்டதில்லை என்று அப்போதுதான் உறைத்தது.

மனைவியிடமும் சொன்னேன்.

"தெரிஞ்சிருந்தும் ஏங்க சொல்லல?" என்று கேட்டாள்.

காரணம் எனக்குத் தெரியும். நீ இல்லை, பிள்ளை இல்லை, சாயங்காலம் ஆனால் என்னோடு பேச ஆள் இல்லை, அந்தக் கோபக்காரக் கூட்டத்தை விட்டால் எனக்கு யாருமே இல்லை. அதை எப்படிச் சொல்வது? அங்கே பனியில் டியூட்டிக்குப் போய் நிற்கிறவளிடம் சொன்னால், அன்றைக்கெல்லாம் அழுதுகொண்டிருப்பாள். "தெரியலம்மா" என்றேன். அவள் நம்பவில்லை என்று தெரிந்தது, ஆனால் மேலே கேட்கவில்லை.

அந்தச் சனிக்கிழமை கோதுமை பீர் வாங்கினேன். எனக்குப் பாதியை டம்ளரில் ஊற்றிக்கொண்டு, அவள் பாதியைக் கூஜாவில் மூடி வைத்தேன். மூன்று வாரம் திறக்கவில்லை. மூன்றாவது சனிக்கிழமை குழாயைத் திறந்தால், அதே நுரை, அதே ஆரஞ்சு வாசனை. காற்று கொஞ்சம்கூடப் போகவில்லை. அவள் டம்ளரிலேயே ஊற்றி அவள் பங்கையும் நானே குடித்தேன். கூஜா சொன்ன வேலையைச் செய்துவிட்டது. கதை சொல்லத்தான் எதிரில் ஆள் இல்லை. திரைச்சீலையை இழுத்துவிடக்கூட அன்றைக்குத் தோன்றவில்லை.

இது நடந்து ஏறக்குறைய ஒரு வருடம் ஆகியிருக்கும். ஒரு நாள் சாயங்காலம் வேலை முடிந்து அம்பத்தூரில் ரயிலேறினேன். அடுத்த ஸ்டேஷன் என்னுடையது. போனில் ஒரு செய்தி. அந்தப் பெண்தான். ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் கான்டீன் பாத்திரம் செய்கிற இடத்தில் இப்போது வேலை செய்கிறாராம். பெரிய ஸ்டீம் பாத்திரம் ஒன்றின் மூடியில் வளையம் வாரத்துக்கு ஒன்று வெடித்துப்போகிறதாம். எல்லோரும் வெல்டிங்தான் கோளாறு என்கிறார்களாம், அவருக்கு ரப்பர் மேல்தான் சந்தேகமாம். கடைசியில், "சார், எந்த ரப்பர் போடணும்னு சொல்ல முடியுமா?" என்று எழுதியிருந்தார்.

அதே கேள்வி. ஆவியின் சூட்டுக்கு எது தாங்கும், எது தாங்காது, கடையில் என்ன பெயர் சொல்லிக் கேட்க வேண்டும், பள்ளம் எவ்வளவு ஆழம் இருக்க வேண்டும் என்று ஒன்று விடாமல் எழுத ஆரம்பித்தேன். திருமுல்லைவாயில் வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை. ரயில் அண்ணனூரில் நின்றபோதுதான் தலையைத் தூக்கினேன். இறங்கி, அங்கே கிடந்த சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்து மீதியை எழுதி முடித்து அனுப்பினேன். கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது. "புர்ஞ்சிது சார்." அவ்வளவுதான், ஒரே வரி. திரும்பிப் போகிற ரயில் இரண்டை விட்டுவிட்டு, அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

என் விசா இன்னும் வரவில்லை. கூஜா அடுப்படி மேடையில் இருக்கிறது. அந்தப் பழைய வெள்ளை வளையம் ஒன்றை ஆபீஸில் என் மேஜை டிராயரில் போட்டு வைத்திருக்கிறேன். யாராவது வந்து "சார், ஒரு சந்தேகம்" என்று நின்றால், கையில் எந்த வேலை இருந்தாலும் வைத்துவிட்டு முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன். நான் சொல்லாமல் வைத்திருந்த இரண்டு நிமிடப் பதிலால் ஒரு பட்டறை மூடிப்போனது. அதைத் தெரிந்துகொண்டே, மறுபடியும் என்னிடமே வந்து கேட்க அந்த அம்மாவுக்கு எப்படி மனசு வந்தது என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.